கோலமாவில் தெரிந்த கோடு

திண்டிவனம்
விசுவாவசு வருடம், தை 25, திங்கட்கிழமை

சிரஞ்சீவி தேவநாதனுக்கு அம்மா வெள்ளையம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. மயிலம் முருகன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும், நேற்று மத்தியானம் முதல் உன் தங்கை அம்சாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தப் பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுத்து உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். இன்லண்டு லெட்டர் இந்தத் தடவை பத்தாது என்று தெரிந்து முழுத்தாளும் கவரும் வாங்கிவரச் சொன்னேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாவது வரைக்கும் படித்ததற்கு இன்றைக்குத்தான் சரியான வேலை வந்திருக்கிறது. கைவேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படி. நல்ல சேதிதான், பயப்படாதே.

அம்சாவுக்கு ஒன்பதாம் மாசம் பிறந்துவிட்டது, முகம் தெளிந்து கன்னம் உப்பி நன்றாக இருக்கிறாள். வல்லத்தில் அவள் மாமியார் வீட்டில் மல்லாட்டை பிடுங்கியாகிவிட்டது, காய் போன வருஷம் அளவுக்குத் திரட்சி இல்லை என்றாலும் பழுதில்லை. உனக்கென்று ஒரு படி கடலை வறுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாளாம், யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று நான் கேட்கவில்லை. நீ போய் மூன்று வருஷமாகிறது. உன் கடிதம் வந்தால் நான் சத்தமாகத்தான் படிப்பேன், பட்டறையில் உன் அப்பா அராவிக்கொண்டிருக்கும் அரம் அந்த நேரத்துக்கு மட்டும் நின்றுவிடும், முடித்ததும் மறுபடி கேட்கும். என்ன எழுதியிருக்கிறான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. செஞ்சி பஸ்ஸின் பிரேக் டிரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு நீ, "நகம் மாட்டுதுப்பா, இதுக்குமேல லேத்துல கடைஞ்சா தாங்காது, மாத்தச் சொல்லிடலாம்" என்றதற்கு, பஸ் டிரைவர் கண்டக்டர் எல்லார் எதிரிலும் உன் மேல் ஸ்பானரை ஓங்கினாரே, அதற்குப் பிறகு இந்த வீட்டில் அப்பாவும் மகனும் என்று ஒரு பேச்சே இல்லாமல் போயிற்று. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாய். அவர் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அதெல்லாம் உனக்கு ஞாபகப்படுத்த இதை எழுதவில்லை, காரணம் இருக்கிறது, கேள்.

போன திங்கட்கிழமை நம் பட்டறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெளிர்நீலம், பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. அதற்குச் சொந்தக்காரர் புதுச்சேரி மாசிலாமணி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபத்தைந்து வருஷம் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர், அங்கே அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் கூப்பிடுகிறார்களாம். புதுச்சேரியில் அந்த வண்டியைத் தொடத் தெரிந்த ஒரே ஆளும் பிரான்சுக்கே கப்பலேறிப் போய்விட்டான், பிரேக் என்றால் திண்டிவனம் துரைக்கண்ணு என்று உன் அப்பா பேரை யாரோ சொல்லி இங்கே வந்திருக்கிறார். உன் அப்பாவுக்கு அது போதாதா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய் முன்பக்கத்து மூடியைத் திறந்தார். உள்ளே எஞ்சின் இல்லை. ஒரு பெட்டியும் குடையும் இருந்தது. எஞ்சின் பின்பக்கம் இருக்கிறதாம். வேடிக்கை பார்த்த கூட்டம் சிரித்தது, நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன், அவர் பார்த்துவிட்டார். சொல்தா சிரிக்கவில்லை, பிரேக்கை மிதித்தால் பெடல் காலுக்கடியில் நடுங்குகிறது, அதைப் பாருங்கள் என்றார்.

சக்கரத்தைக் கழற்றினபிறகு உன் அப்பா அங்கேயே குந்திவிட்டார். என்னவோ ஏதோ என்று நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். நம் ஊர் வண்டிக்கெல்லாம் டிரம், உனக்குத் தெரியாததா, கவிழ்த்த சட்டிபோல் மூடிக்கிடக்கும், தேய்ந்ததா விண்டதா என்று கழற்றினால்தான் தெரியும். இதில் மூடலே இல்லை. தோசைக்கல் அகலத்துக்கு ஒரு இரும்புத் தட்டு, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது, இரண்டு பக்கமும் இரண்டு கட்டை வந்து அதைக் கவ்விப் பிடிக்கிறது, வண்டி நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். டிஸ்க் என்கிறார்கள். நாலு சக்கரத்துக்கும் அதுதான். நீ பம்பாயில் தினம் பார்க்கிறாயோ என்னவோ, எங்களுக்கு அது அதிசயம். உன் அப்பா குந்தின இடத்திலேயே கால்மணி நேரம் இருந்தார், பிறகு, "இம்மாந்தூண்டு தட்டா இந்த வண்டிய நிறுத்துது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் காலையில் நான் வாசல் தெளிக்கப் போனபோது பனியில் அந்த டிஸ்க் முழுக்கத் துருப்பிடித்துச் செம்மண் பூசினதுபோல் கிடந்தது. ஐயோ ஒரே ராத்திரியில் கெட்டுப்போயிற்றே என்று பதறினேன். உன் அப்பா வண்டியை ரயில்வே கேட் வரைக்கும் ஓட்டி ஒரு மிதி மிதித்துத் திரும்பக் கொண்டுவந்தார், வெள்ளித்தட்டாக மின்னுகிறது. தன் அழுக்கைத் தானே துடைத்துக்கொள்கிற இரும்பை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், மூன்று நாள் காலையிலும் அதற்காகவே சீக்கிரம் எழுந்திருந்து பார்த்தேன்.

முன்சக்கரத்து டிஸ்க் இரண்டிலும் மோட்டார் ரோட்டில் மாட்டுவண்டித் தடம்போல் வட்டவட்டமாகக் கோடு விழுந்திருந்தது. ஓரத்தில் தேயாத இரும்பு வரம்பு கட்டி நின்றது, விரலை உள்ளேயிருந்து வெளியே இழுத்தால் நகம் டக்கென்று மாட்டியது. சொல்தா தன் பெட்டியிலிருந்து வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொன்னார், தட்டின் தடிமன் எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதைக் கடையக்கூடாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடவேண்டும், போடும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே போடவேண்டும் என்று எழுதியிருக்கிறதாம். புதிசு கப்பலில் வர மூன்று மாசம் ஆகும். உன் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. புதுசு விற்கிறவன் அப்படித்தான் எழுதுவான், முப்பது வருஷத்தில் நான் தூக்கிப்போட்ட டிரம்மை விரல் விட்டு எண்ணிவிடலாம், கடைந்தால் எதுவும் புதுசுதான் என்றார். புதன்கிழமை இரண்டையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு விழுப்புரம் போய் அரங்கநாதன் லேத்தில் கடைந்து கொண்டுவந்துவிட்டார். காலிபர் வைத்து அளந்தாரா என்று நான் கேட்டிருக்கவேண்டும், அவர் அளக்கவில்லை. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது, நானே ஆசைப்பட்டுத் தடவிப் பார்த்தேன். சொல்தாவுக்கு அவ்வளவு சந்தோஷம், ஞாயிற்றுக்கிழமை அவர் செஞ்சிப்பக்கம் தன் அக்கா வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது, திரும்பி வருகிறபோது வல்லத்தில் நிறுத்தி உங்கள் பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்து விடுகிறேன் என்று அவராகவே சொன்னார். பஸ் குலுக்கலில் அவளை எப்படிக் கூட்டிவருவது என்று நான் பத்து நாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன். உடனே அம்சாவுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன், இங்கே தெருவில் ஒரு வீடு விடாமலும் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உன் அப்பா வண்டியை மயிலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். கட்டைகளில் ஒட்டின புது லைனிங் படியவேண்டும் என்று மைல்கல்லுக்கு மைல்கல் அழுத்தி மிதித்து மிதித்துத் திரும்பியிருக்கிறார், பட்டறை வாசலில் நிற்கும்போது முன்சக்கரம் இரண்டிலும் புகை. தெருவே கூடி நின்று அந்த வண்டியைப் பார்க்கிறது, நாளை மறுநாள் என் பெண் ஏறப்போகிற வண்டி, எனக்குக் கண்ணேறு பயம். ஆலம் கரைத்துச் சுற்றினேன், நம் வழக்கப்படி அதைச் சக்கரத்தில் கொட்டினேன், புகை வருகிறதே என்று கையோடு ஒரு குடம் தண்ணீரையும் அந்த இடதுபக்கத்துச் சக்கரத்தின் மேல் கவிழ்த்தேன். சுர் என்று ஒரு சத்தம், ஆவி என் முகத்தில் அடித்தது. அதிலே ஒரு சின்னச் சத்தம் கேட்டது, சுள்ளி ஒடிந்தாற்போல. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. திருஷ்டி கழிந்தது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று முன்பக்கத்து டிஸ்க் இரண்டையும் கழற்றிப் பெட்ரோலில் துடைத்துக் கயிற்றில் கோர்த்து விட்டத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் மோர் கொண்டுபோனேன். பொங்கலுக்குப் பானை வாங்கினபோது பதினோரு பானை தட்டித்தான் ஒன்று எடுத்தேன், அந்தக் கை சும்மா இருக்குமா, இடுப்பிலிருந்த சாவியால் ஒரு டிஸ்கைத் தட்டினேன். பாடியது தேவநாதா அது. கோயில் மணி ஓய்ந்த பிறகும் ஒரு இழை காதிலேயே நிற்குமே, அந்த மாதிரி நின்றது. இரும்புக்குள் இப்படி ஒரு குரல் இருக்குமா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. இன்னொரு தடவை கேட்கிற ஆசையில் மற்றதைத் தட்டினேன். பொத். அவ்வளவுதான், மேலே சத்தமில்லை. இடதுபக்கத்தது. திரும்பத் திரும்பத் தட்டினேன், ஒன்று பாடுகிறது, ஒன்று ஊமை. விண்ட பானை அது. உன் அப்பாவிடம் சொன்னேன். "இன்னாடி, சந்தையில பானை வாங்க வந்தவளாட்டம் தட்டிக்கினு நிக்கிற" என்றார். சொல்லிவிட்டு வெயிலில் எடுத்துப்போய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்று கொண்டுபோய் மாட்டிவிட்டார். நான் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு நிலைப்படியில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "என் மவ அந்த வண்டியில ஏற மாட்டா." அப்புறம் அவர் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. கார் வருகிறது என்று ஊரெல்லாம் சொன்னதும் நான்தான், வேண்டாம் என்கிறதும் நான்தான், என்னைப் பார்த்தால் எனக்கே கோபமாக வந்தது, ஆனால் அந்த ஊமைச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை.

நேற்று விடியற்காலை நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன், பாதிக்கோலத்தில் பின்னால் வந்து நின்ற உன் அப்பா கோலமாவு டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். பின்னாலேயே போனேன். தனியாகச் சக்கரத்தைக் கழற்றி அந்த டிஸ்கை எடுத்துத் தட்டத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டிருந்தார். அரைமணி ஊறினபிறகு எடுத்துத் துணியால் ஈரம் இல்லாமல் ஒற்றி ஒற்றித் துடைத்தார், மாவைச் சல்லடையில் போட்டு மேலே சலித்தார், ஒரே வெள்ளையாகிவிட்டது, சின்னச் சுத்தியால் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் எதிரே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எனக்கு அப்பாடா என்றும் இருந்தது, தோற்றுப்போனோமே என்றும் இருந்தது. அப்புறம் நடுவில் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி கறுத்தது. அந்தப் புள்ளி நகர்ந்தது. யாருமே தொடாமல், எங்கள் கண்ணெதிரே, முடி கனத்துக்கு ஒரு கோடு நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் மெல்ல மெல்லத் தன்னை எழுதிக்கொண்டு போயிற்று. விரிசலுக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் மாவில் ஊறி வெளியே வருகிறது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் கைகூப்பிவிட்டேன். நாற்பது மைல் வேகத்தில் வருகிற வண்டி, எதிரே ஒரு மாட்டுவண்டி, உள்ளே நிறைமாசமாக அம்சா, அந்தக் கோடு. உன் அப்பா மாவு படிந்த கையைத் துடைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உன்னை நினைத்துச் சொன்னது, "அவன் சொன்னான்." அவ்வளவுதான்.

அப்போதுதான் காலிபரை எடுத்தார், ஆறே முக்கால் மில்லிமீட்டரில் நின்றது. என் மனசு கேட்கவில்லை, தண்ணீர் ஊற்றினதையும் அந்தச் சுள்ளிச் சத்தத்தையும் சொல்லிவிட்டேன், சூட்டு இரும்பில் குடம் தண்ணீரைக் கவிழ்த்த பாவி நான்தான், நீங்கள் இல்லை என்று அழுதேன். என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், "தடிமன் இருந்திருந்தா உன் தண்ணிய தாங்கியிருக்கும் வெள்ள, நான்தான் சீவித் தொலைச்சிட்டேன்" என்றார். இத்தனை வருஷத்தில் வீட்டில் பால் திரிந்தால்கூட என் பழிதான், என் பழியை அவர் எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டது இதுதான் முதல் தடவை. எட்டு மணிக்குச் சொல்தா தொப்பியும் கோட்டுமாக வந்து நின்றார், வழக்கம்போல் வேடிக்கை பார்க்கிற கூட்டமும் வந்துவிட்டது. அத்தனை பேர் எதிரில் டிஸ்கை எடுத்துக் காட்டி, "என் தப்பு சார், உங்க புஸ்தகம் சொன்னதுதான் சரி, புதுசு போடாம இந்த வண்டிய நான் வெளிய விடமாட்டேன்" என்றார். சொல்தா முகம் சிவந்துதான் போயிற்று, பிறகு குனிந்து அந்தக் கோட்டை விரலால் ஓரம் வரைக்கும் தொடர்ந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நம் வீட்டில் கேப்பைக்கூழ் குடித்துவிட்டு நானும் அவரும் ஒரே பஸ்ஸில் போனோம், வல்லத்தில் நான் இறங்கினேன், அவர் செஞ்சிக்குப் போனார். டிரைவரிடம் சொல்லி முன்சீட்டு வாங்கி, மடியில் தலையணை வைத்து அம்சாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். கார் வருகிறது என்று அவளும் அங்கே ஒரு வீடு விடாமல் சொல்லியிருந்தாளாம், இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் மல்லாட்டையைக் கொறித்துக்கொண்டு நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் உன் அப்பா என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு ஒரு சாக்குமூட்டையை இழுத்தார், பிரித்தால் பஸ் டிரம். அந்த டிரம்தான். நீ ரயிலேறின மறுநாளே பஸ் முதலாளியிடம் தானே போய் இது கடைசலுக்குத் தாங்காது, புதுசு போடுங்கள் என்று சொல்லி மாற்ற வைத்திருக்கிறார், பழையதைக் கொண்டுவந்து மூன்று வருஷமாக ஒளித்து வைத்திருக்கிறார். சாவியால் தட்டினேன், பொத்தென்றது. தெரிந்தும் ஏன் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன், எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஸ்பானரை ஓங்கினவன் எந்த வாயால் சொல்லுவேன் என்றார். ஒரு டிரம்முக்கு ஒத்துக்கொண்டவர் அடுத்ததற்கு ஒத்துக்கொள்ளாமல் மறுபடி லேத்துக்கு ஓடினாரே, மனுஷன் மனசு எதைக்கொண்டு செய்ததோ, அதைத் தட்டிப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பம்பாய்த் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல் சாமான் கிடைக்கும், நீ வேலை செய்கிற ஒர்க்ஷாப்பில் விசாரித்தால் வழி தெரியும் என்கிறார் உன் அப்பா. சொல்தாவும் சரி என்றுவிட்டார், வண்டி அதுவரைக்கும் இங்கேதான் நிற்கும். இரண்டு டிஸ்கும் ஜோடியாக வேண்டும், ஒன்றைமட்டும் மாற்றக்கூடாது. பார்சலில் போடவேண்டாம், ரயிலில் எறிந்து உடைத்துவிடுவார்கள், அவனே கையோடு கொண்டுவரட்டும் என்று எழுது என்றார். சொல்லிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரும்பு பார்சலில் உடையுமா, நீயும் மெக்கானிக்குதானே, யோசித்துக்கொள்.

ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுக்காதே, கட்டை கொடுத்துவிட்டுப் படு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அம்சாவுக்கு மாசி கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள், மாமன் மடியில் வைத்துப் பெயர் வைக்கவேண்டும் என்பது அவள் ஆசை, இதை எழுதச் சொல்லி இப்போதுதான் என்னோடு பேசினாள். தீர்க்காயுசாக இரு, உன் கை தொட்ட வண்டியெல்லாம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும்.

உன்னை வாசலில் பார்க்கிற வரைக்கும் உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
து. வெள்ளையம்மாள்

பின்குறிப்பு: டிஸ்கின் அளவெல்லாம் தனித் துண்டுத்தாளில் இத்துடன் வைத்திருக்கிறேன். அது உன் அப்பா கையெழுத்து, கவரை ஒட்டப்போகும்போது அவரே கொண்டுவந்து கொடுத்தார். அளவுக்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறார், நான் பார்த்துவிட்டேன். "நகம் மாட்டினால் மாற்றிவிட வேண்டும். நீ சொன்னதுதான்."